ஆஞ்சியோ முடிந்தபின் படுக்கையில்: மல்லாந்தா, தலைமாட்டை உயர்த்தியா, ஒருக்களித்தா?

தொடை வழியாக ஆஞ்சியோகிராம் செய்துகொண்டவர்களின் வீட்டார் இதயத்தைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. எத்தனை அடைப்பு, ஸ்டென்ட் வேண்டுமா வேண்டாமா என்பதை டாக்டரே சொல்லிவிடுகிறார். வார்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் ஆனதும் வேறு கேள்விகள் ஆரம்பிக்கின்றன. "அப்பாவுக்கு இடுப்பு உயிர் போகுது, கொஞ்சம் திருப்பலாமா?" "தலையணை வைக்கலாமா?" "அம்மா மூத்திரம் வருது, ஆனா படுத்துக்கிட்டே போக முடியலங்கறாங்க, உட்கார வெச்சா என்ன ஆகும்?" ஒரு சிஸ்டர் சரி என்கிறார். அடுத்த டூட்டிக்கு வந்தவர் அசையவே கூடாது என்கிறார். நடுவில் நிற்பவருக்கு யார் பேச்சைக் கேட்பது என்று புரிவதில்லை.

இதய வார்டில் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அசையாமல் இருக்க வேண்டியது குழாய் போட்ட காலின் இடுப்பு மூட்டு. அதை மடக்காமல் பார்த்துக்கொண்டால் உடம்பின் மற்ற பாகங்களுக்கு நிறையவே விட்டுக்கொடுக்கலாம். எவ்வளவு விடலாம், எப்போது விடலாம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதனால் ஒவ்வொரு நிலையையும் தனித்தனியாக எடைபோட்டுப் பார்க்கலாம். கடைசி வார்த்தை உங்கள் டாக்டருடையதுதான். ஆனால் அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்திருந்தால் பாதிச் சிரமம் குறையும்.

## ஏன் படுக்கச் சொல்கிறார்கள்

தொடை இடுக்கில் ஓடும் பெரிய ரத்தக்குழாயில் ஊசி போட்டு, அதன் வழியே ஷீத் என்ற சிறு குழாயைச் செருகுகிறார்கள். இதன் அளவை 'பிரெஞ்சு' என்ற கணக்கில் சொல்வார்கள். 1 பிரெஞ்சு என்பது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. ஆஞ்சியோவுக்கு வழக்கமாக 5 அல்லது 6 பிரெஞ்சு போதும். 6 பிரெஞ்சு என்றால் உள்ளளவு 2 மில்லிமீட்டர், ஷீத்தின் சுவரையும் சேர்த்தால் துளை இன்னும் சற்றுப் பெரிது. கேட்கச் சின்னதாக இருக்கலாம். ஆனால் இது ஒவ்வொரு துடிப்பிலும் முழு அழுத்தத்தோடு ரத்தம் பாய்கிற தமனி. கையில் ஊசி போட்டுப் பஞ்சை வைத்து அமுக்குகிற சிரை இல்லை.

ஷீத்தை எடுத்ததும் டாக்டரோ டெக்னீஷியனோ 15, 20 நிமிடம் கையால் அழுத்திப் பிடிக்கிறார். அந்த இடத்தில் ரத்தக்குழாய்க்கு நேர் பின்னால் தொடை எலும்பின் தலை இருப்பதால், எலும்பின் மேல் வைத்து அழுத்த முடிகிறது. ரத்தம் நின்றபின் துளையை மூடியிருப்பது புதிதாக உறைந்த ரத்தம். அது இறுகுவதற்கு நேரம் வேண்டும். அதற்குள் காலை மடக்கினாலோ, வயிற்றை எக்கித் தலையைத் தூக்கினாலோ, பலமாக இருமினாலோ, முக்கினாலோ அந்த இடத்தில் அழுத்தம் ஏறும், உறைந்தது பிய்ந்துகொள்ளலாம். படுக்கைக் கட்டுப்பாடு முழுவதற்கும் காரணம் இதுதான்.

இதில் இரண்டு கட்டங்கள் உண்டு. வீட்டார் பெரும்பாலும் கவனிக்காத விஷயம் இது. அடைப்பை விரிக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஹெப்பாரின் கொடுத்திருப்பார்கள், ரத்தம் சுலபத்தில் உறையாது. அதனால் ஷீத்தை உடனே எடுக்காமல் சில மணி நேரம் உள்ளேயே விட்டு, ஏசிடி என்ற பரிசோதனையில் உறையும் நேரம் இறங்கிய பிறகு எடுப்பார்கள். ஷீத் உள்ளே இருக்கும் நேரம் முதல் கட்டம். எடுத்து அழுத்தி முடித்த பிறகு இரண்டாம் கட்டம். முதல் கட்டத்தில் கண்டிப்பு அதிகம், இரண்டாவதில் தளர்த்த இடமுண்டு. இரண்டு சிஸ்டர்கள் இரண்டு விதமாகச் சொல்வதற்குப் பல நேரம் காரணமே இதுதான். ஒருவர் பார்த்தபோது ஷீத் உள்ளே இருந்தது, மற்றவர் வந்தபோது எடுத்தாயிற்று.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது ரத்தக்கசிவு. இதில் சமரசம் கிடையாது. எந்த நிலையாக இருந்தாலும் ஊசி போட்ட இடத்துக்கு அது என்ன செய்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

இரண்டாவது இடுப்பு வலி. இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. கால்களை நீட்டி மல்லாந்து கிடக்கும்போது இடுப்பின் உள்வளைவு படுக்கையில் பதியாமல் அந்தரத்தில் நிற்கும். தசைகள் ஓய்வில்லாமல் இழுத்துப் பிடிக்கும். வலி தாங்காதவர் தானாகவே நெளிவார், காலை மடக்குவார், யாரும் பார்க்காத நேரத்தில் எழுந்து உட்காரப் பார்ப்பார். வலியால் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் ஏறும். ஆக, வலியைக் குறைப்பதே ரத்தக்கசிவைத் தடுக்கும் வேலையில் ஒரு பாதி.

அப்புறம் மூச்சு, சிறுநீர், சாப்பாடு. இவற்றோடு யாரும் கணக்கில் எடுக்காத ஒன்று: பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? பத்துப் பேருக்கு ஒரு நர்ஸ் இருக்கும் வார்டில் பொருந்துகிற நிலையும், ஆளுக்கு ஒருவர் கவனிக்கும் ஐசியூவில் பொருந்துகிற நிலையும் ஒன்றாக இருக்க முடியாது.

## முதல் தேர்வு படுக்கைக்கு முன்பே: கையா, தொடையா

மணிக்கட்டு வழியாகச் செய்தால் இந்தக் கட்டுரையில் வரும் பெரும்பாலான பிரச்சினைகள் எழுவதே இல்லை. கனடாவின் மான்ட்ரியலில் லூசியன் காம்போ 1989இல் மணிக்கட்டுத் தமனி வழியாக ஆஞ்சியோகிராம் செய்ததைப் பதிவு செய்தார். 1992இல் ஆம்ஸ்டர்டாமில் பெர்டினான்ட் கீமெனெய் அதே வழியில் ஆஞ்சியோபிளாஸ்டியும் செய்தார். இன்று முடிந்தவரை கை வழி என்பதே பல இதய டாக்டர்களின் முதல் விருப்பம். மணிக்கட்டில் எலும்பின் மேல் அமுக்குவது எளிது, கசிந்தாலும் கண்ணுக்கு உடனே தெரியும். காற்றடைத்த பட்டையைக் கட்டி, சிறிது சிறிதாகக் காற்றை இறக்கிச் சில மணி நேரத்தில் கழற்றிவிடுவார்கள். நோயாளி உட்காரலாம், சாப்பிடலாம், பாத்ரூம் போகலாம்.

மறைந்திருக்கும் விலை என்ன? சிலருக்கு அந்தத் தமனி பின்னால் அடைத்துக்கொள்ளும். கைக்கு ரத்தம் தரும் இன்னொரு தமனி இருப்பதால் பெரும்பாலும் தொந்தரவு தெரியாது. ஆனால் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் நோக்கிப் போகிறவருக்கு இது பெரிய விஷயம். நாளை ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைக்கும் இணைப்பு) வைக்க அந்தக் கை தேவைப்படலாம். ஏற்கெனவே ஃபிஸ்டுலா இருக்கும் கையைத் தொடவே மாட்டார்கள். தமனி மெல்லியதாக, வளைந்து நெளிந்து இருந்தாலோ, சுருங்கிக்கொண்டாலோ, தடித்த குழாய் தேவைப்பட்டாலோ தொடைக்குத்தான் வர வேண்டும். கால் வழியே வால்வு மாற்றுவதற்கு 14 பிரெஞ்சும் அதற்கு மேலும் தேவைப்படுகிறது, அது மணிக்கட்டில் நுழையாது.

எனவே ஆஞ்சியோவுக்கு முன் கையெழுத்துப் போடும்போதே கேளுங்கள்: "கை வழியா செய்ய முடியுமா? முடியாதுன்னா ஏன்?" முதுகெலும்பு வளைந்தவர், பழைய டிஸ்க் பிரச்சினை உள்ளவர், மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்குகிறவர் என்றால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்தத் தகவல் முன்கூட்டியே தெரிந்தால் டாக்டரின் முடிவே மாறலாம். இனி வருவதெல்லாம் தொடை வழியே செய்தவர்களுக்கு.

## மல்லாந்து, தட்டையாக, கால் நீட்டி

எல்லா மருத்துவமனைகளிலும் முதலில் கொடுக்கும் நிலை இது. இடுப்பு மூட்டு நேராக இருக்கும். ஊசி போட்ட இடம் திறந்து கண்ணுக்குத் தெரியும், நர்ஸ் வந்து போர்வையை விலக்கினால் போதும். ஷீத் உள்ளே இருக்கும்போதும், எடுத்து அழுத்தி முடித்த முதல் ஒரு மணி நேரமும் இதற்கு நிகர் வேறில்லை. பக்கத்தில் ஆள் இல்லாத நேரத்திலும், மயக்க மருந்தின் கிறக்கம் தெளியாதவருக்கும் இதுவே பாதுகாப்பு. ஷீத்தை எடுக்கும்போது சிலருக்கு நாடித்துடிப்பும் பிரஷரும் சட்டென்று இறங்கி வியர்த்துக்கொட்டும். அப்போதும் தட்டையாகப் படுக்க வைப்பதே முதலுதவி.

இதன் விலை முழுவதையும் இடுப்புதான் கொடுக்கிறது. வலி நேரம் ஆக ஆக ஏறும். பிட்டத்தின் நடு எலும்பும் குதிகாலும் ஒரே இடத்தில் அழுந்தும். வயதானவர், ஒல்லியானவர், சர்க்கரை நோயாளி என்றால் தோல் சிவந்துபோகும். மூச்சுத் திணறல் உள்ளவருக்கு இந்த நிலை தண்டனை. தண்ணீர் குடித்தால் புரை ஏறும்.

இந்த நிலையிலேயே வலியைக் குறைக்கச் சில வழிகள் உண்டு. இடுப்பின் உள்வளைவில் ஒரு சின்னத் துண்டைச் சுருட்டி வைக்கலாம். உள்ளங்கை நுழையும் இடைவெளியை நிரப்பினால் போதும், மேடாகக் கூடாது. குழாய் போடாத காலை முழங்காலில் மடக்கி வைக்கலாம், அப்படிச் செய்தாலே இடுப்பின் இழுப்பு பாதி தளரும். பல நோயாளிகளுக்கு இது தெரிவதில்லை, இரண்டு காலையும் விறைப்பாக நீட்டியபடி கிடப்பார்கள். இரண்டு கணுக்கால்களையும் மேலும் கீழும் ஆட்டலாம், ஆட்ட வேண்டும். கெண்டைக்காலில் ரத்தம் தேங்காமல் இருக்கவும் அது உதவும். குழாய் போட்ட காலின் முழங்காலுக்கு அடியில் தடித்த தலையணையைச் செருகுவது மட்டும் வேண்டாம். அது இடுப்பு மூட்டையும் சேர்த்து மடக்கும்.

## தலைமாட்டை உயர்த்தி

கட்டிலின் கைப்பிடியைச் சுற்றித் தலைப்பக்கத்தை உயர்த்தும் நிலை. 30 டிகிரி வரை என்றால் ஷீத் உள்ளே இருக்கும்போதே பல மருத்துவமனைகள் அனுமதிக்கின்றன. ஷீத் எடுத்துச் சிறிது நேரம் கசிவில்லாமல் கழிந்தபின் 45 டிகிரி வரை போவதுண்டு. ஆதாயங்கள் கண்கூடு. மூச்சு சீராகும், கஞ்சியோ இட்லியோ விக்காமல் இறங்கும், சூழ்ந்திருப்பவர்களின் முகத்தைப் பார்த்துப் பேசலாம். முதுகின் பாரம் இடம் மாறுவதால் வலியும் குறையும்.

இதில் கவனிக்க வேண்டியது யார் உயர்த்துவது என்பதுதான். கட்டில் உயர்த்த வேண்டும், நோயாளி எழும்பக் கூடாது. தலையணையிலிருந்து தானாகத் தலையைத் தூக்கினால் வயிற்றுத் தசை இறுகி, அந்த இழுப்பு நேரே தொடை இடுக்கில் போய் விழும். கட்டில் 30 டிகிரியில் நிற்பதைவிட, தட்டையாகப் படுத்தவர் போனை எடுக்கத் தலையைத் தூக்கி எக்குவது அதிகக் கெடுதல். அதனால் போன், கண்ணாடி, தண்ணீர், கூப்பிடும் மணி எல்லாவற்றையும் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிடுங்கள்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சாய்ந்து படுத்தவர் மெல்ல மெல்லக் கால்மாட்டை நோக்கிச் சரிவார். சரிந்ததும் குதிகாலை ஊன்றித் தன்னை மேலே தள்ளிக்கொள்ளப் பார்ப்பார். அந்த ஒரு தள்ளலே போதும், கசிவு தொடங்க. சரிந்துவிட்டால் இருவர் சேர்ந்து அடிவிரிப்போடு தூக்கி மேலே இழுக்க வேண்டும். அடிவயிறு பெருத்தவர்களுக்கு இன்னொன்று: சாய்வு கூடும்போது வயிற்று மடிப்பு ஊசி போட்ட இடத்தின் மேல் வந்து விழும். நர்ஸ் எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, மடிப்பைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். இவர்களுக்கு 30ஐத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து.

## கட்டிலையே சாய்த்து

பலர் கேள்விப்படாத வழி இது. தலைமாட்டை மடக்காமல், கட்டில் முழுவதையும் ஒரே பலகையாகத் தலை மேலே கால் கீழே என்று சாய்ப்பது. இடுப்பு மூட்டு நேராகவே இருக்கும், ஆனால் நுரையீரலுக்கு மேடு கிடைக்கும். இதயத் தளர்ச்சியால் மல்லாக்கப் படுக்க முடியாதவருக்கு, அதுவும் ஷீத் உள்ளே இருக்கும் நேரத்தில், எனக்குத் தெரிந்தவரை இதுதான் ஆகச் சிறந்த சமரசம்.

மோட்டார் கட்டில்களில் இதற்கென்றே பொத்தான் இருக்கும். கைப்பிடி சுற்றும் சாதாரணக் கட்டில்களில் பெரும்பாலும் இந்த வசதி இருக்காது. தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைக்கும் பழக்கம் சில வார்டுகளில் உண்டு, அதை ஊழியர்கள்தான் செய்ய வேண்டும். இடுப்பு வலிக்கு இதனால் பெரிய ஆறுதல் இல்லை, சிறுநீர் கழிக்க ஓரளவு உதவும். எழுந்து கழிப்பது போன்ற உணர்வைக் கொஞ்சம் தரும், அவ்வளவுதான்.

## ஒருக்களித்து

வீட்டார் கேட்கத் தயங்குவதும், கேட்டால் அதிகம் மறுக்கப்படுவதும் இதுதான். ஆனால் ஆய்வுகள் இதன் பக்கம் சாதகமாகவே இருக்கின்றன. ஹாங்காங்கில் ஆஞ்சியோ செய்துகொண்டவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவை வழக்கம்போல மல்லாக்கவே வைத்தார்கள். மற்றக் குழுவை மணிக்கொரு முறை மல்லாக்க, வலப்பக்கம், இடப்பக்கம் என்று மாற்றினார்கள். 2003இல் வெளியான அந்த ஆய்வில், மாற்றிப் படுக்க வைத்தவர்களுக்கு முதுகு வலி குறைவு, ரத்தக்கசிவு கூடவில்லை. பிறகு வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளும் இதே திசையில்தான் பேசின.

அதற்காக உடனே போய் அப்பாவைப் புரட்டிவிடாதீர்கள். அந்த ஆய்வுகளில் புரட்டியவர்கள் பயிற்சி பெற்ற நர்ஸ்கள், ஒவ்வொரு முறையும் ஊசி போட்ட இடத்தைப் பார்த்தார்கள். புரட்டும் விதம் முக்கியம். தோளும் இடுப்பும் காலும் ஒன்றாக, இடையில் முறுக்காமல் திரும்ப வேண்டும். ஒருவர் தோளையும் இடுப்பையும் பிடித்துத் திருப்ப, இன்னொருவர் குழாய் போட்ட காலை நேராகப் பிடித்தபடி வர வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, இரண்டு கால்களுக்கு நடுவில் நீளவாக்கில் ஒன்று. முழுப்பக்கமாகத் திருப்புவதற்குப் பதில் பாதிச் சாய்வே போதும், முதுகின் அழுத்தம் விடும். வலது தொடையில் ஊசி என்றால் இடப்பக்கம் சாய்வதை நான் விரும்புவேன், ஊசி போட்ட இடம் மேலே கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும்.

யாருக்கு இது வேண்டாம்? ஷீத் உள்ளே இருப்பவருக்கு, ஏற்கெனவே ஒரு முறை கசிந்தவருக்கு, ரத்தக்கட்டு வீங்கியவருக்கு. சொன்னதைக் கேட்டுப் பதில் சொல்ல முடியாதவருக்கும், ராத்திரியில் குழம்பித் தானாகப் புரளுகிறவருக்கும் கூட. ஒருக்களித்த நிலையில் அவர்கள் காலை மடக்குவதை யாராலும் தடுக்க முடியாது. ஆள் குறைவான வார்டில் இதன் உண்மையான விலை நர்ஸின் நேரம். மறுக்கிற சிஸ்டரின் மனதில் பெரும்பாலும் இருப்பது அதுதான், அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "நீங்க வர்ற அடுத்த ரவுண்டுல, உங்க முன்னாடியே திருப்பலாமா சிஸ்டர்?" என்று கேட்டுப் பாருங்கள். கிடைக்கும் பதில் மாறும்.

## மணல் மூட்டை, இறுக்கக் கட்டு, துளை அடைக்கும் கருவி

இவை படுக்கும் நிலைகள் இல்லை. ஆனாலும் படுத்திருப்பவரின் வசதியைத் தீர்மானிப்பவை.

மணல் மூட்டையை ஊசி போட்ட இடத்தின் மேல் வைக்கும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. சில கிலோ எடை. அந்த எடை தமனியை எலும்பின் மேல் அழுத்தும் அளவுக்கு ஒருமுகப்படுவதில்லை. அது நகர்ந்துவிடும், கீழே ரத்தக்கட்டு வந்தாலும் மறைத்துவிடும். கசிவைக் குறைப்பதாக ஆய்வுகளில் தெளிவான ஆதாரமில்லை, அசௌகரியம் கூடுகிறது என்பது மட்டும் தெளிவு. 'காலை ஆட்டாதே' என்று நினைவூட்டுவது ஒன்றுதான் அதனால் கிடைக்கும் பயன். வைத்திருந்தால் நீங்களாக எடுக்க வேண்டாம். ஆனால் "இதைத் தூக்கிக் கீழே பார்க்கிறீர்களா" என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். இழுத்து ஒட்டும் தடித்த பிளாஸ்டருக்கும் இதே குறை உண்டு. உள்ளே நடப்பது தெரியாது, பிரிக்கும்போது முதியவர்களின் தோலும் சேர்ந்து உரியும்.

துளையை உள்ளிருந்தே தையல் போட்டோ, கொலாஜன் என்ற புரதத்தை வைத்தோ அடைக்கும் கருவிகள் வந்துவிட்டன. பெர்குளோஸ், ஆஞ்சியோசீல் போன்றவை. எல்லாம் சரியாக அமைந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் எழுந்து நடக்க விடுவதுண்டு. நீண்ட நேரம் படுக்கவே முடியாதவருக்கு இது பெரிய நிவாரணம். விலைதான் இடிக்கும். ஸ்டென்டின் விலைக்கு 2017இல் மத்திய அரசு உச்சவரம்பு கொண்டுவந்தது. ஆனால் இந்தக் கருவி பில்லில் தனியாக ஏறலாம், இன்சூரன்ஸ் தருமா என்பதை முன்பே கேட்க வேண்டும். சுண்ணாம்பு படிந்து கெட்டியான தமனியில் இது சரியாகப் பிடிக்காமல் போவதும் உண்டு. அப்போது மறுபடி கையால் அழுத்தல், மறுபடி படுக்கை. அரிதாகத் தொற்றோ அடைப்போ வரலாம். இடுப்பில் எந்தப் பிரச்சினையும் இல்லாத, சாதாரண ஆஞ்சியோ மட்டும் செய்துகொண்ட ஐம்பது வயதுக்காரர் இதற்குச் செலவழிக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். சிறிய குழாய் போட்டவர்களை இரண்டு மூன்று மணி நேரத்திலேயே எழுப்பியும் கசிவு கூடவில்லை என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே முதலில் கேட்க வேண்டியது "எத்தனை பிரெஞ்சு, எத்தனை மணி நேரம்" என்பதுதான். அதற்குக் காசில்லை.

| நிலை | கசிவு அபாயம் | இடுப்பு வலி | மூச்சு | யாருக்கு, எப்போது |
|---|---|---|---|---|
| மல்லாந்து தட்டையாக | மிகக் குறைவு | அதிகம் | சிரமம் | ஷீத் உள்ளே இருக்கும்போது; எடுத்த முதல் மணி நேரம்; ஆள் துணை இல்லாதபோது |
| தலைமாடு 30 டிகிரி | குறைவு | நடுத்தரம் | நல்லது | பெரும்பாலானோருக்கு, சாப்பிடும்போது |
| தலைமாடு 45 டிகிரி | குறைவு, சரியாமல் பார்த்தால் | குறைவு | மிக நல்லது | ஷீத் எடுத்துக் கசிவில்லாமல் கழிந்த பிறகு |
| கட்டில் முழுதும் சாய்வு | மிகக் குறைவு | அதிகம் | நல்லது | ஷீத் உள்ளே, மூச்சு வாங்குகிறவருக்கு |
| ஒருக்களித்து, கால் நேராக | குறைவு, திருப்பத் தெரிந்தவர் இருந்தால் | மிகக் குறைவு | நல்லது | முதுகு வலிக்காரர், முதியவர். இரண்டாம் கட்டத்தில் |

## சிறுநீர்

இதற்குத் தனியாக இடம் கொடுக்கக் காரணம் இருக்கிறது. ஆஞ்சியோவுக்குப் போடும் சாய மருந்து சிறுநீரை அதிகமாக்கும். போதாததற்கு, அது சீக்கிரம் வெளியேற ஏராளமாகத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள், சலைனும் ஏறும். மூத்திரப்பை நிறையும், ஆனால் மல்லாந்து படுத்துக்கொண்டு போக வராது. ஆண்களுக்கு, அதிலும் புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கு இது பெரும் அவஸ்தை. வெட்கப்பட்டு அடக்கிக்கொள்வார்கள், முக்குவார்கள். முக்கினால் தொடையில் அழுத்தம். நிறைந்த பையோடு ஷீத்தை எடுத்தால் பிரஷர் இறங்கும் வாய்ப்பும் கூடும். அதனால் ஷீத் எடுக்கும் முன் ஒரு முறை போய்விடுவது எல்லோருக்கும் நல்லது.

ஆண்களுக்கு யூரின் கேனும் தலைமாடு 30 டிகிரியும் முதல் முயற்சி. திரை இழுத்து, உறவினர்கள் வெளியே போய்விட வேண்டும். குழாயைத் திறந்து தண்ணீர் சத்தம் கேட்கவிடுவது பலருக்கு உதவுகிறது. வராவிட்டால் டாக்டர் அனுமதியோடு பாதி ஒருக்களித்துக் கேனை வைக்கலாம். பெண்களுக்குச் சாதாரண பெட்பேன் உயரமானது, இடுப்பைத் தூக்கி வைக்கும்போது தொடை மடங்கும். முன்பக்கம் தட்டையாக இருக்கும் வகை கிடைத்தால் அதையே கேளுங்கள். இல்லையென்றால் குழாய் போடாத காலை மட்டும் ஊன்றி, இருவர் இடுப்பைத் தூக்கி வைக்க வேண்டும். பெரியவர்களுக்கான டயப்பரை முதலிலேயே கட்டிவிடுவது சிலருக்கு மானப் பிரச்சினை, சிலருக்கு நிம்மதி. அவர்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். சிறுநீர்க்குழாய் போடுவது கடைசி வழி. தொற்று அபாயம் உண்டு, ஆனால் அடிவயிறு கல்லாக வீங்கித் துடிக்கிறவருக்கு அதை மறுப்பது கொடுமை.

## உங்கள் வீட்டுக்கு எது

அறுபது வயது அப்பா, ஆஞ்சியோ மட்டும், 5 பிரெஞ்சு, வேறு நோயில்லை. முதல் மணி நேரம் தட்டையாக, பிறகு 30 டிகிரி, இடுப்பில் துண்டு, மறுகால் மடக்கி. இவருக்கு இது போதும், புரட்டத் தேவையில்லை.

எழுபத்தைந்து வயது அம்மா, கூன் விழுந்த முதுகு, ஸ்டென்ட் வைத்தாயிற்று, ஷீத் இன்னும் உள்ளே. இவரைத் தட்டையாகக் கிடத்தவே முடியாது, தலையும் தோளும் அந்தரத்தில் நிற்கும். கூன் வளைவுக்கு ஏற்ப இரண்டு தலையணைகளை அடுக்கி, கட்டிலை முழுதாகச் சாய்க்கச் சொல்லுங்கள். ஷீத் எடுத்தபின் ஒருக்களிப்பது இவருக்கு மற்ற யாரையும்விட அதிகம் தேவை. வலிக்குப் பாரசிட்டமால் கேட்கலாம். வீட்டிலிருந்து கொண்டுவந்த டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். ஸ்டென்டுக்குக் கொடுக்கும் ரத்தம் உறையாத மாத்திரைகளோடு சேர்ந்தால் கசிவு கூடும்.

இதயத் தளர்ச்சி, இருமல், படுத்தால் மூச்சு முட்டுகிறவர். இவருக்கு மூச்சுதான் முதல். மூச்சு முட்டித் தவிக்கிறவர் எப்படியும் எழுந்து உட்காருவார், நாமே முறையாகச் சாய்த்துவைப்பது மேல். இருமலோ தும்மலோ வரும்போது கட்டின் மேல் உள்ளங்கையால் அழுத்திக்கொள்ளச் சொல்லிக்கொடுங்கள். தண்ணீர் எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டே கொடுங்கள், எல்லோருக்கும் சொல்லும் 'நிறைய குடிங்க' இவருக்குப் பொருந்தாது.

## எந்த நிலையிலும் பொறுக்கக் கூடாதவை

படுக்கை வலி நிலையை மாற்றினால் குறையும். மாற்றியும் குறையாமல், ஒரு பக்க விலாவிலோ அடிவயிற்றிலோ அடிமுதுகிலோ வலி ஏறிக்கொண்டே போய், கூடவே வியர்வை, படபடப்பு, வெளுத்த முகம் என்றால் அது வேறு. ரத்தம் வெளியே வராமல் வயிற்றின் பின்பக்கம் கசியலாம், கட்டு காய்ந்தபடியே இருக்கும். "படுத்தே இருக்காங்கல்ல, அதான் வலி" என்று யாராவது சொன்னாலும் விடாதீர்கள். பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள், டூட்டி டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

கட்டு நனைவது, பக்கத்தில் மேடு எழும்புவது, கால் சில்லிடுவது, மரப்பது, நிறம் மாறுவது ஆகியவற்றையும் உடனே சொல்ல வேண்டும். கட்டின் மேல்பக்கத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். மல்லாந்து படுத்தவரின் ரத்தம் தொடைக்கு அடியில் ஓடிப் பிட்டத்தின் கீழ் தேங்கும். விரிப்புக்கும் தொடைக்கும் நடுவில் கையை நுழைத்துப் பாருங்கள், ஈரம் தெரியும்.

## எழுப்பும்போது

நேரம் முடிந்ததும் சட்டென்று இறக்கி நடக்கவிடக் கூடாது. முதலில் தலைமாட்டை உயர்த்திச் சில நிமிடம் விடுங்கள். அப்புறம் கட்டில் ஓரத்தில் கால் தொங்கவிட்டு உட்கார வையுங்கள். தலை சுற்றவில்லை, ஊசி போட்ட இடத்துக் கட்டு நனையவில்லை என்றால் நிற்கலாம், பிறகு துணையோடு பாத்ரூம் வரை போகலாம். திரும்பி வந்து படுத்ததும் ஊசி போட்ட இடத்தை மறுபடி ஒரு முறை சிஸ்டர் பார்க்க வேண்டும், பல கசிவுகள் இந்த முதல் நடைக்குப் பிறகுதான் தெரியவரும். வீட்டுக்குப் போனபின் கசிந்தால் உட்காரவோ நடக்கவோ வேண்டாம். உடனே தட்டையாகப் படுக்க வைத்து, ஊசி போட்ட இடத்திலும் அதற்குச் சற்று மேலும் இரண்டு விரல்களால் விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு 108ஐக் கூப்பிடுங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் கையை எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது.